வன்னியில் ஒரு சொகுசு மின்கார்: புதியதா, பாவித்ததா?

பரந்தன் பக்கத்தில் அரிசி மில் வைத்திருக்கும் ஒருவர் போன மாதம் அழைத்தார். "தம்பி, மருமகன் லண்டனில ஒரு போர்ஷே டைகான் மின்கார் பார்த்து வச்சிருக்கிறான். ரெண்டு வருசம் ஓடினது. விலை நல்லா விழுந்திட்டாம். எடுப்பமோ?"

நான் வவுனியாவில் வாகன மின்வேலை செய்கிறவன். 2015 அளவில் நிசான் லீஃப் கார்கள் வரிசையாக வந்து இறங்கிய காலத்திலிருந்து மின்கார்களோடுதான் பிழைப்பு. அவருக்குப் போனில் பதில் சொல்ல முடியவில்லை. நேரில் போய் இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். அங்கே கதைத்ததைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். போர்ஷே டைகான், பிஎம்டபிள்யூ ஐ4 எம்50, ஹியுண்டாய் ஐயோனிக் 5 என், பிவைடி சீல் என்று எதை மனதில் வைத்திருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

முதலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் விலை வித்தியாசத்தில் தொடங்குகிறார்கள். வன்னியில் இருப்பவர் தொடங்க வேண்டிய இடம் வேறு. கார் நடுவீதியில் நின்றுபோனால் யார் வருவார்கள், எங்கிருந்து வருவார்கள், யார் காசு கட்டுவது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் புதியதா பாவித்ததா என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

படி 1: எவ்வளவு தூரம் ஓடப்போகிறீர்கள்?

ஐ4 எம்50 நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றரை 3.9 செக்கனில் தொடும். ஐயோனிக் 5 என் 3.4 செக்கனில். ஏ9 வீதியில் காருக்குச் சட்டம் விடும் உச்ச வேகம் 70, ஊருக்குள் 50. அதிவேகப் பாதை வன்னியில் கிடையாது. ஆக, வாங்குகிற வேகத்தில் பெரும்பகுதி பெட்டிக்குள் பூட்டி வைத்த நகை மாதிரித்தான். அதற்காக வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை, நகையும் வாங்குகிறோம்தானே. முந்துகிற நேரத்தில், லொறிக்குப் பின்னால் நின்று வெறுத்துப்போகும் நேரத்தில், அந்த இழுவையின் அருமை தெரியும். ஆனால் எத்தனை குதிரைச் சக்தி என்பதைவிட எத்தனை கிலோமீற்றர் என்பதுதான் இங்கே பெரிய விசயம்.

கிளிநொச்சியிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 330 கிலோமீற்றர். ஐ4 எம்50-இல் பாவிக்கக்கூடிய பற்றரி அளவு 80.7 கிலோவாட் மணி. ஏசி போட்டு, நாலு பேரோடு, 100 கிலோமீற்றருக்கு 20 யுனிட் (ஒரு யுனிட் என்பது ஒரு கிலோவாட் மணி) போகும் என்று வையுங்கள். முழுதாக நிரப்பினால் 400 கிலோமீற்றர். ஆனால் யாரும் பூச்சியம் வரை ஓட்டுவதில்லை. 90 சதவீதத்தில் வெளிக்கிட்டு 10 சதவீதத்தில் நிறுத்துவதாக இருந்தால் 320 கிலோமீற்றர்தான். கொழும்பு வாசலில் வைத்து நெஞ்சு படபடக்கும். 100 சதவீதம் நிரப்பிக்கொண்டு வெளிக்கிடலாம், அல்லது வழியில் ஒரு இடத்தில் அரை மணித்தியாலம் நிற்கலாம். முறிகண்டியில் எப்படியும் நிற்கிற ஆட்கள் நாங்கள். ஆனால் தேவையான இடத்தில் சார்ஜர் இருக்க வேண்டும், அது வேலை செய்யவும் வேண்டும். செயலியில் பச்சைப் புள்ளி தெரிகிறது என்று நம்பிப் போகாதீர்கள். வெளிக்கிட முன் அந்த இடத்துக்குப் போன் எடுத்துக் கேளுங்கள்.

மாதத்தில் ஒரு தரம் கொழும்பு, மற்றபடி வவுனியா, யாழ்ப்பாணம், முல்லைத்தீவு என்றால் 80 கிலோவாட் மணி தாராளம். பாவித்த கார் எடுப்பதாக இருந்தால் பற்றரி தேய்ந்த அளவை இந்தக் கணக்கில் கழித்துப் பாருங்கள். 10 சதவீதம் தேய்ந்திருந்தால் அந்த 320 என்பது 288 ஆகிவிடும். அப்போது கொழும்புப் பயணத்தில் ஒரு நிறுத்தம் கட்டாயம்.

படி 2: காருக்கு முதல் வீட்டு மின்சாரம்

டைகான் வந்தபோது 270 கிலோவாட் வேகத்தில் ஏற்றும் என்றார்கள். 2024-இல் வந்த திருத்திய மொடல் 320 வரை ஏற்றும். பரந்தனில் அதற்கு என்ன பெறுமதி? வீட்டில் சாதாரணமாக இருப்பது ஒற்றைக் கட்ட (சிங்கிள் பேஸ்) இணைப்பு, 30 அம்பியர். முழு வீட்டுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 7 கிலோவாட். தண்ணி மோட்டரும் ஏசியும் ஓடும்போது காருக்கு 16 அம்பியர் விட்டால், அது 3.7 கிலோவாட். 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை ஏற்ற 48 யுனிட் வேண்டும். 13 மணித்தியாலம், இழப்போடு இன்னும் கொஞ்சம் கூட. இரவு எட்டு மணிக்குக் கொளுவினால் காலை பத்து மணிக்குத்தான் கழற்றலாம்.

மூன்று கட்ட இணைப்பு இருந்தால் 11 கிலோவாட். அதே வேலை ஐந்து மணித்தியாலத்தில் முடிந்துவிடும். மில்காரருக்கு அது ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் மில் மோட்டர்கள் எழும்பும் நேரத்தில் வோல்ட் விழும், சார்ஜர் பிழை காட்டி நின்றுவிடும். மில் ஓடாத இரவில் ஏற்றச் சொன்னேன். நேர அடிப்படையிலான கட்டணத்தில் மாலை 6.30 தொடக்கம் 10.30 வரை உச்ச நேரம், 10.30-க்குப் பிறகு காலை 5.30 வரை மலிவு. காருக்குள்ளேயே நேரம் குறித்து விடலாம்.

அடுத்தது ஏர்த். எங்கள் பக்கத்தில் அதிகம் தலையிடி கொடுப்பது இதுதான். ஆவணியில் நிலம் காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது நாலடி கம்பி அடித்துவிட்டுப் போனால் தடை ஏறிக் கிடக்கும். பல சார்ஜர்கள் ஏர்த் சரியில்லை என்று கண்டால் ஏற்றவே மாட்டா. ஆட்கள் உடனே கார் பழுது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆழமாகக் கம்பி இறக்கி, தேவையென்றால் இரண்டு மூன்றைத் தொடுத்து, மீற்றர் வைத்து அளந்து தரச் சொல்லுங்கள். சார்ஜருக்குத் தனி வயர், தனி பிறேக்கர், தனி ட்ரிப் சுவிட்ச் வேண்டும். நேர்மின் (டிசி) கசிவையும் பிடிக்கிற வகை ட்ரிப் சுவிட்ச்தான் சரி. சில சார்ஜர்களுக்குள்ளேயே அது இருக்கும், கேட்டுப் பாருங்கள். மின்னல் தடுப்பும் போடுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி தொடங்கினால் கழற்றிவிடுவது நல்லது.

கூரையில் சூரிய மின்கலம் உள்ளவர்களுக்கு யோகம். எங்கள் வெயிலுக்கு ஒரு கிலோவாட் தட்டு நாளுக்கு 4 யுனிட் அளவு தரும். 10 கிலோவாட் இருந்தால் 40 யுனிட், அதாவது 200 கிலோமீற்றர் ஓட்டம்.

படி 3: மூன்று வழியையும் தனித்தனியாகப் பாருங்கள்

புதியதா பாவித்ததா என்று இரண்டாகக் கேட்பது இலங்கையில் பிழை. வழி மூன்று. முகவரிடம் புதுக் கார். வெளிநாட்டில் கொஞ்சம் ஓடிவிட்டு வருகிற ரீகண்டிஷன் கார். இங்கேயே பதிவாகி, இங்கேயே ஓடிய கார்.

2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. மின்காருக்கான உற்பத்தி வரி மோட்டரின் கிலோவாட்டை வைத்துப் போடப்படுகிறது. 200 கிலோவாட்டைத் தாண்டினால் உச்சப் படி. ஒரு வருடத்துக்கு மேல் வயதான காருக்கு ஒரு கிலோவாட்டுக்கான வீதம் இன்னும் கூட. இறக்குமதி விலை 60 இலட்சம் ரூபாவைத் தாண்டினால் தாண்டிய பங்குக்குச் சொகுசு வரி. எல்லாவற்றுக்கும் மேலே 18 சதவீத வாட் (VAT) வரி.

இப்போது லண்டன் டைகானை இந்தக் கணக்குக்குள் வையுங்கள். அங்கே விலை விழுந்தது உண்மை. டைகான் அங்கே வேகமாக விலை இறங்குகிற கார். ஆனால் வரியின் பெரும்பகுதி மோட்டரைப் பார்த்து வருகிறது. கார் விலை பாதியாக விழுந்தாலும் மோட்டர் பாதியாகச் சுருங்காது. இரண்டு வருடம் ஓடியதால் வீதமும் ஏறுகிறது. மருமகனுக்கு அங்கே மிச்சமாகிற பவுண் இங்கே துறைமுகத்தில் கரைந்துவிடும். பாவித்த கார் இறக்குவதற்கு வயது வரம்பும் உண்டு. கையில் காசு கொடுக்க முதல் அன்றைய வர்த்தமானியை எடுத்துச் சுங்க முகவரிடம் எழுத்தில் கணக்குக் கேளுங்கள். இந்த வீதங்கள் மாறுகிறவை.

இதே கணக்கில் ஒரு நல்ல வழியும் ஒளிந்திருக்கிறது. ஐ4 எம்50 400 கிலோவாட். அதே உடம்பு, அதே பற்றரி கொண்ட ஐ4 ஈடிரைவ்40 250 கிலோவாட். 150 கிலோவாட்டுக்கான வரி அப்படியே மிச்சம். பின்சக்கரம் மட்டும் இழுப்பதால் தூரமும் கூட ஓடும். 70-இல் ஓடுகிற வீதியில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முதல் நாலு செக்கனில்தான்.

மூன்றாவது வழியில், இங்கே பதிவான காருக்கு வரி கட்டி முடிந்துவிட்டது. முன்னைய உரிமையாளரின் தலையில் விழுந்த அடி விலையில் எவ்வளவு கழிந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். ஐந்து வருடம் கார் வராத நாட்டில் ஆட்கள் வாங்கிய விலைக்கு மேலே விற்றுப் பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. விளம்பர விலையைக் கண்டு பயப்பட வேண்டாம், பேசுங்கள்.

படி 4: ஏற்றும் வாயைப் பாருங்கள்

சின்ன விசயம், ஆனால் இதில் விழுந்தவர்கள் உண்டு. மின்சாரம் ஏற்றக் கொளுவும் வாய் நாட்டுக்கு நாடு வேறு வகை. பிரித்தானியாவில் ஓடிய ஐரோப்பிய கார்களில் சிசிஎஸ் 2 என்ற வகை வாய் இருக்கும். ஜப்பானுக்கு விற்ற அதே டைகானிலும் அதே ஐ4-இலும் விரைவு ஏற்றத்துக்குச் சாடெமோ வாய், வீட்டு ஏற்றத்துக்கு டைப் 1. ஜப்பான் டெஸ்லாவில் டெஸ்லாவின் சொந்த வாய். ஜப்பான் ஏலத்தில் காரின் நிலையை எழுதித் தரும் ஏலத் தாளில் இதைப் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள். மூடியைத் திறந்து எடுத்த படம் கேளுங்கள். லீஃப் காலத்துப் பழைய நிலையங்களில் சாடெமோ கிடைக்கும். புதிதாக வருபவை சிசிஎஸ் 2 பக்கம் போகின்றன. நீங்கள் வழமையாகப் போகும் பாதையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு முடிவெடுங்கள். சாடெமோ உள்ள கார் வலப்பக்கச் சுக்கானோடு மலிவாக வந்தால் அது கெட்ட கார் அல்ல. தெரிந்துகொண்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 5: உத்தரவாதத் தாளை வரிக்கு வரி வாசியுங்கள்

பெரும்பாலான கொம்பனிகள் பற்றரிக்கு 8 வருடம் அல்லது 160,000 கிலோமீற்றர் தருகின்றன. கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் பார்ப்பார்கள். எட்டு வருடம் எண்ணத் தொடங்குவது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, கார் முதன்முதல் பதிவான நாளிலிருந்து. 2020-இல் ஓடத் தொடங்கிய டைகானுக்கு 2028-இல் முடிந்துவிடும். மிச்சம் எவ்வளவு என்று கேட்டு எழுத்தில் எடுங்கள்.

அதைவிட முக்கியம், அந்த உத்தரவாதம் இந்த நாட்டில் செல்லுமா என்பது. தனியாக இறக்கிய காருக்கு வேறு நாட்டு உத்தரவாதத்தை இங்கே ஏற்பார்களா என்று நம்பி இருக்க முடியாது. சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்து இங்குள்ள முகவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தக் காரைத் தொடுவீர்களா? இதற்கு முடிக்காத மீளழைப்பு (குறையுள்ள கார்களைக் கொம்பனியே கூப்பிட்டுத் திருத்துவது) ஏதும் உண்டா? டைகானுக்குப் பற்றரியில் உள்மின் தொடுப்பு (ஷோட் சேர்க்கிட்) அபாயம், முன் பிறேக் குழாய் என்று மீளழைப்புகள் வந்தன. ஹியுண்டாய், கியா மின்கார்களில் உள்சார்ஜர் அலகுக்கு 2024-இல் மீளழைப்பு வந்தது. செய்து முடித்த காருக்கு அது குறையே இல்லை. செய்யாத கார் வன்னிக்கு வந்துவிட்டால் செய்விப்பது பெரும்பாடு.

என்னுடைய கதை ஒன்று. சில வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளரின் காரோடு மாங்குளம் தாண்டி நின்றுபோனேன். பெரிய பற்றரியில் 60 சதவீதம் இருக்கிறது. ஆனால் கதவு திறக்காது, கியர் விழாது, சில்லு உருளாது. செத்தது சின்ன 12 வோல்ட் பற்றரி. காப்புறுதியோடு வந்த வீதியுதவிக்கு எடுத்தால் "நாளைக்குக் காலமை பார்ப்பம்" என்றார்கள். மின்காரைச் சில்லு நிலத்தில் பட இழுக்கவும் கூடாது. மோட்டர் சுழன்று மின்சாரம் பிறப்பித்துச் சேதமாக்கும். தட்டையான லொறியில் முழுதாக ஏற்ற வேண்டும். கடைசியில் உழவு இயந்திரத்துப் பற்றரியிலிருந்து 12 வோல்ட் எடுத்துக் கொளுவித்தான் வீடு வந்தோம். அன்றிலிருந்து யார் மின்கார் வாங்கினாலும் நான் முதல் சொல்வது, 12 வோல்ட் பற்றரியின் வயதைப் பாருங்கள், தட்டை லொறிக்காரர் ஒருவரின் இலக்கத்தைப் போனில் வையுங்கள்.

படி 6: பாவித்த கார் பார்க்கப் போகிற நாள்

பின்னேரம் போகாதீர்கள். காலையில் போங்கள், முழு நாளையும் ஒதுக்குங்கள்.

முதல் வேலை வெள்ளம். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் நாட்டை அடித்துப்போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். தண்ணி குடித்த கார்கள் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வரும். இருக்கைப் பட்டியை முடிவு வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சேற்றுக் கோடு நிற்கும். தரைவிரிப்பைத் தூக்கிக் கையை வைத்துப் பாருங்கள். இருக்கைத் தண்டவாளத்தில் துரு, டிக்கியின் அடிப்பள்ளத்தில் மண், செருகிகளில் பச்சை பிடித்த செம்பு, ஏதும் ஒன்று கண்டாலும் திரும்பி வந்துவிடுங்கள். பெற்றோல் காரென்றால் காயவைத்து ஓட்டலாம் என்று வாதாடலாம். மின்காரில் அந்த வாதமே வேண்டாம். உப்புத்தண்ணி என்றால் பற்றரி மாதம் கழித்தும் தீப்பிடிக்கக் கூடும். செம்மஞ்சள் நிற வயர்களை மட்டும் நீங்கள் தொடாதீர்கள், அது உயர் மின்னழுத்தம்.

இரண்டாவது பற்றரி ஆரோக்கியம். கொம்பனிக் கருவியில் எடுத்த அறிக்கை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நாங்கள் செய்கிற நாட்டு முறை: நூறு சதவீதத்தில் பயண மானியைப் பூச்சியமாக்கி, ஐம்பது சதவீதம் வரை ஓட்டுங்கள். எத்தனை கிலோவாட் மணி செலவானது என்று திரை காட்டும். 80.7 அளவுள்ள காரில் 38 காட்டினால் முழுதுக்கும் 76. அதாவது 94 சதவீத ஆரோக்கியம். துல்லியமான அளவல்ல, ஆனால் பொய் சொல்கிற விற்பனையாளரைப் பிடிக்கப் போதும். லீஃப்பில் பற்றரியைக் குளிர்விக்க ஏற்பாடு இல்லாததால் எங்கள் வெயிலில் திரையில் பற்றரி அளவு காட்டும் கட்டங்கள் மளமளவென்று குறைந்தன. அந்தப் பயத்தை இந்தக் கார்களுக்குக் கொண்டுவர வேண்டாம். இவற்றில் பற்றரியைக் குளிர்விக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் நூறு சதவீதம் நிரப்பி வெயிலில் மாதக் கணக்காக நிறுத்திய காரில் சந்தேகம் வையுங்கள். ஓட்டம் குறைவு என்பது இங்கே எப்போதும் நல்ல சேதி அல்ல.

அடிப்பக்கத்தைத் தூக்கிப் பாருங்கள். பற்றரித் தகட்டில் நசிவு இருந்தால் பேரமே வேண்டாம். பிறேக் தட்டில் துரு பிடித்துப் பள்ளம் விழுந்திருக்கும். இந்தக் கார்கள் மோட்டராலேயே வேகம் குறைப்பதால் பிறேக் வேலை செய்வது குறைவு, கடலோரக் காற்று மிச்சத்தைச் செய்யும். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு கிழமை, அடுத்த இரண்டு வருடம். ஒரு வேக ஏற்றத்தில் பத்து நிமிடம் கொளுவி, வேகம் விழாமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஏசி, திரைகள், கமராக்கள், கதவுக் கைபிடிகள் எல்லாவற்றையும் அழுத்துங்கள். இந்தக் கார்களில் பழுது அதிகம் வருவது மோட்டரில் அல்ல, இந்தச் சின்னச் சின்ன அலங்காரங்களில்.

ஜப்பான் கார் என்றால் ஏலத் தாளைச் சேசிஸ் இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். உள்நாட்டுக் கார் என்றால் லீசிங் முடிந்த கடிதம், உரிமை மாற்றப் பத்திரம். ஓப்பன் பேப்பரில் வாங்க வேண்டாம். கோடிக்கணக்கான காரை யாரோ ஒருவரின் பெயரில் ஓட்டுவதற்கு நித்திரை வராது.

படி 7: எங்கள் வீதிக்கு இறங்கிப் பாருங்கள்

ஏ9 கண்ணாடி மாதிரி. பிரச்சினை அதிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் கிரவல் ஒழுங்கை. ஐ4-இன் அடி நிலத்திலிருந்து 12.5 சென்ரிமீற்றர்தான். மாரியில் வாய்க்கால் உடைத்துப் போட்ட பள்ளத்தில் அடி தட்டினால் தட்டுவது பற்றரி. டைகானில் காற்றுத் தாங்கி உள்ளதை எடுத்தால் காரை உயர்த்திக்கொண்டு போகலாம். வாங்கப் போகும் கார் போகுமா என்று தெரிய, அதே அளவு தாழ்ந்த ஒரு காரை உங்கள் படலை வரை ஓட்டிப் பாருங்கள், மழை பெய்த மறுநாள்.

இருட்டில் மாடு. ஒட்டுசுட்டான் பக்கம் யானையும். மின்கார் சத்தமில்லாமல் வருவதால் மாடு விலகாது. இரண்டு தொன்னுக்கு மேலான கார் 70-இல் நிற்கக் கொஞ்சம் இடம் வேண்டும்.

ரயர் இன்னொரு செலவு. 20, 21 அங்குல வேக ரயர் கிளிநொச்சியில் கடைக்குப் போய் எடுக்கிற சாமான் அல்ல, கொழும்புக்குச் சொல்லி வைக்க வேண்டும். பெரும்பாலான இந்தக் கார்களில் உதிரிச் சில்லும் இல்லை. முடிந்தால் 19 அங்குலச் சில்லோடு எடுங்கள். பார்வைக்குக் கொஞ்சம் குறைவு, பள்ளத்துக்குப் பெரிய ஆறுதல்.

படி 8: காப்புறுதி

வாங்க முதலே விலை கேளுங்கள். பற்றரி அடிபட்டால் முழுதாக மாற்றுவார்களா, வெள்ளம் சேருமா, எந்தக் கராஜில் திருத்துவார்கள், காரை அங்கே கொண்டுபோகும் லொறிச் செலவு யாருடையது, இந்த நாலுக்கும் எழுத்தில் பதில் வேண்டும்.

அப்படியானால் எதை எடுப்பது?

இங்கே முகவர் உள்ள, மூன்று நாலு வருடத்துக்குள் பதிவான, பற்றரி உத்தரவாதத்தில் குறைந்தது நாலு வருடம் மிச்சமுள்ள, ஒரே உரிமையாளரின் கார் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். அப்படி ஒன்று அகப்படாவிட்டால் முகவரிடம் புதியது, அதுவும் குறைந்த கிலோவாட் மொடல். ரீகண்டிஷனுக்கு நான் மூன்றாம் இடம்தான் கொடுப்பேன். கொழும்பில் இருப்பவருக்கு இந்த வரிசை மாறலாம். அவருக்குக் கராஜ் பத்துக் கிலோமீற்றரில் இருக்கிறது.

மில்காரர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு போனை எடுத்து லண்டனுக்கு அடித்தார். "டேய், காரை விடு. பற்றரி அறிக்கை எப்படி வாசிக்கிறதெண்டு மட்டும் இந்தத் தம்பிக்கு அனுப்பு." போன கிழமை மில்லுக்குப் பின்னால் ஏர்த் கம்பி அடித்தோம். எட்டடியில் கல் தட்டியது. இடம் மாற்றி அடித்திருக்கிறோம். கார் இன்னும் பார்க்கவில்லை.